வடை போன பாட்டியின் கணக்கு: நாட்டார் கதைகளைப் பெரியவர்களுக்கான காமிக்ஸாக்குவது எப்படி

காகம் ஏமாந்தது, நரி தின்றது. கை சுட வடை சுட்டவள் பாட்டி. நஷ்டம் அவளுக்குத்தான், ஆனால் கதை அவளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கான காமிக்ஸை அங்கிருந்து தொடங்குங்கள். குழந்தைக்குச் சொல்லும்போது கதை எங்கே முடிந்ததோ, அதற்கு மறுநாள் காலையில் யார் யாருக்கு என்ன பாக்கி? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வெறும் ரத்தத்தையும் கெட்ட வார்த்தையையும் சேர்த்தால் கிடைப்பது ரத்தம் தெளித்த குழந்தைக் கதைதான்.

இந்த வகையில் அதிகம் பேசப்படும் தொடர் 'ஃபேபிள்ஸ்'. பில் வில்லிங்ஹாம் எழுத, டிசி காமிக்ஸின் வெர்டிகோ வரிசையில் 2002இல் தொடங்கியது. 2015இல் 150ஆம் இதழோடு நின்று, 2022இல் மறுபடி கிளம்பியது. தாயகத்தைப் பகைவன் பிடித்துக்கொள்ள, ஸ்னோ ஒயிட்டும் பெரிய ஓநாயும் மற்றவர்களும் தப்பிவந்து நியூயார்க்கில் ஒளிந்து வாழ்கிறார்கள். பாத்திரங்களை விட்டுவிட்டு அதன் சட்டங்களைக் கவனியுங்கள். பழைய குற்றம் எல்லாவற்றுக்கும் பொது மன்னிப்பு உண்டு. சாதாரண மனிதர்களுக்குத் தங்களைக் காட்டிக்கொள்ளக் கூடாது. மனித உருவம் எடுக்க முடியாதவை ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில்தான் இருக்க வேண்டும். சட்டம் மன்னித்தாலும் மனசு மன்னிப்பதில்லை, பண்ணையில் அடைபட்டவை எத்தனை நாள் பொறுக்கும்? அந்தத் தொடரின் பாதிச் சண்டை இந்தச் சட்டங்களிலிருந்தே பிறக்கிறது. ஆகவே பாத்திரம் வரைவதற்கு முன் சட்டத்தை எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

மொரீஷியஸில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சட்டத்தைக் கற்பனை செய்யும் வேலையே இல்லை. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த கப்பல்கள் இருக்கின்றன. தலைநகர் போர்ட் லூயிஸில் அவர்கள் கரையேறிய ஆப்ரவாசி காட் படிகள் இன்றும் நிற்கின்றன. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்த 'டபுள் கட்'. 1867 தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவர்களும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாதவரை நாடோடி என்று பிடித்து அடைத்தார்கள்.

இந்தக் கப்பலில் நம் கதைமாந்தர்களை ஏற்றுங்கள். முருங்கை மரத்து வேதாளம், மரியாதைராமன், வடைப் பாட்டி, காகம், நரி. சட்டம் கதையைத் தானாக இழுத்துக்கொண்டு போகும். சீட்டில் புகைப்படம் வேண்டும், வேதாளம் புகைப்படத்தில் விழுமா? விழாவிட்டால் யாருடைய சீட்டை வைத்துக்கொண்டு நடமாடுகிறது? அந்தச் சீட்டுக்கு உரியவன் எங்கே? ஓர் இதழுக்கான கதை கிடைத்துவிட்டது. இன்னொன்று: போர்ட் லூயிஸில் காகங்கள் உண்டு, ஆனால் தீவில் நரி கிடையாது. காகம் தன் உருவத்தோடு பறக்கலாம். நரி ஆயுள் முழுக்க மனித வேஷத்தில்தான் கழிக்க வேண்டும். ஏமாந்த காகம் சுதந்திரமாகத் திரிய, ஏமாற்றிய நரி கோட்டுப் பொத்தானை அவிழ்க்க முடியாமல் புழுங்குகிறது. இப்படி ஊரின் நிஜத்திலிருந்து வரும் தடைதான் நிற்கும். மந்திரத்தால் வரும் தடையை இன்னொரு மந்திரம் நீக்கிவிடும், வாசகர் நம்ப மாட்டார்.

வந்தவர்கள் காலி இடத்தில் இறங்கவில்லை. தீவின் பேச்சுமொழியான கிரியோலில் வழங்கும் கதைகளின் முயலும் ஆமையும், கொம்பேர் லியேவும் கொம்பேர் தோர்தியும், அவர்களுக்கு முன்பே இங்கே இருக்கிறார்கள். 1994இல் ஹொலாண்டா புயல் மின்சாரத்தைத் துண்டித்துப்போட்ட நாட்களில் தீவையே தூங்கவிடாமல் செய்த வதந்தி, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி நள்ளிரவில் உலவும் தூனி மின்வி. 820 மீட்டர் பீட்டர் போத் மலையுச்சியில் தலை மாதிரி உட்கார்ந்திருக்கும் பாறை, தேவதைகள் ஆடியதைப் பார்த்து, சொல்லாதே என்றும் கேட்காமல் ஊரில் சொன்னதால் கல்லாகிப்போன கிரேவ் கேர் கிராமத்துப் பால்காரன். பெரியவர்களின் பதிப்பில் அவன் ஒரு சாட்சி. அவன் வாய் அடைபட்டதால் ஆதாயம் யாருக்கு என்று தேடினால் அது தனி இதழ். முதல் தொகுதிக்கு ஆறு பாத்திரத்துக்கு மேல் வேண்டாம். கப்பலில் வந்தவர்களில் நான்கு, முன்பே இருந்தவர்களில் இரண்டு என்று வைத்தால் உரசல் நன்றாக வரும்.

யாரைத் தொடக் கூடாது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மதுரை வீரன், முனீஸ்வரன், மாரியம்மன், திரௌபதி எல்லாரும் கூத்திலும் கதைப்பாட்டிலும் வருகிறவர்கள்தான். ஆனால் இங்கே அவர்களுக்குப் பூசை நடக்கிறது, தீமிதி நடக்கிறது. அவர்களைக் கையில் சிகரெட்டோடு வரைந்தால் வாதம் கதையைப் பற்றி இருக்காது. மத உணர்வைப் புண்படுத்தும் அச்சுக்கு எதிராகக் குற்றவியல் சட்டமும் உண்டு. நல்லதங்காள் கதை இடைப்பட்டது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் இடத்தைக் காட்டாமல், கிணற்றடியில் மிஞ்சிய செருப்புகளைக் காட்டினால் போதும். அட்டையில் வயது எச்சரிக்கை கட்டாயம்.

உரிமை விஷயத்தில் ஒரே விதி: கதை பொது, ஒருவர் செய்த வடிவம் அவருடையது. ஷார்ல் பெசாக் 1888இல் வெளியிட்ட மொரீஷியஸ் நாட்டார் கதைத் தொகுப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அவர் இறந்து நூறாண்டு தாண்டிவிட்டது. ஆனால் அதன் அண்மைக்கால மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுக்கக் கூடாது. கிரிம் சகோதரர்களின் ஏழு குள்ளர்களை எடுக்கலாம். அவர்களுக்குக் கிரிம் பெயரே வைக்கவில்லை, நாம் அறிந்த பெயர்கள் 1937 டிஸ்னி படத்துடையவை. ஃபேபிள்ஸ் தொடரையே பொதுவுடைமையாக்கிவிட்டதாக 2023 செப்டம்பரில் வில்லிங்ஹாம் அறிவித்தார். பதிப்பகம் உரிமை தங்களுடையது என்று உடனே மறுத்தது. அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், அந்த ஓநாயை நீங்கள் தொடாதீர்கள். மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேறிகளின் புகைப்படங்களிலிருந்து உடை, தலைப்பாகை, நிற்கும் விதம் ஆகியவற்றைக் கவனித்து வரையலாம், முகத்தை அப்படியே எடுக்க வேண்டாம். அது இன்று இங்கே ரோஸ் ஹில் ஊரில் இருக்கும் ஒருவரின் கொள்ளுப்பாட்டியாக இருக்கலாம்.

முதல் கதையைத் துப்பறியும் கதையாக வைப்பது புத்திசாலித்தனம். ஃபேபிள்ஸும் ஸ்னோ ஒயிட்டின் சகோதரி ரோஸ் ரெட் காணாமல்போன விசாரணையோடுதான் தொடங்கியது. விசாரிப்பவன் ஒவ்வொரு கதவாகத் தட்டுவான், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு பாத்திரம். 'முன்னொரு காலத்தில்' என்று மூன்று பக்கம் விளக்கம் எழுதும் வேலை மிச்சம். 24 பக்க இதழ் என்றால் கதைக்கு 22 பக்கம். முதல் மூன்றில் சம்பவம். நான்கிலிருந்து பதினைந்து வரை ஆறு கதவு, கதவுக்கு இரண்டு பக்கம். மிச்சம் ஏழில் சிக்கலும் திருப்பமும். திடுக்கிட வைக்கும் கட்டத்தை (படச்சட்டத்தை) எப்போதும் இடப்பக்கத்தில், அதாவது இரட்டை எண் பக்கத்தில் வையுங்கள். வலப்பக்கத்தில் வைத்தால் தாளைத் திருப்பியதுமே ஓரக்கண்ணில் பட்டுவிடும்.

ஒரு பக்கத்தின் எழுத்து வடிவம் இப்படி இருக்கலாம்.

பக்கம் 6, ஐந்து கட்டம்.
கட்டம் 1: போர்ட் லூயிஸ் சந்தை, கருக்கல் நேரம். கண்ணாடிப் பெட்டி, எண்ணெய்ச் சட்டி, பாட்டியின் முதுகு. பேச்சு இல்லை.
கட்டம் 2, பக்க அகலம் முழுக்க: கணக்கு நோட்டு மிக அருகில். 'வடை 1, நரி, பாக்கி.' அதே வரி 1868, 1901, 1934, 1968 என்று வேறு வேறு மையில்.
கட்டம் 3: மரியாதைராமன், நனைந்த குடையோடு. 'ஒரு வடைக்கா, ஆயா?'
கட்டம் 4: பாட்டி நிமிரவில்லை, கரண்டி வடையைத் திருப்புகிறது. 'வட்டியும் எழுதியிருக்கேன் தம்பி.'
கட்டம் 5: தகரக் கூரையில் காகம். அலகில் கோட்டுப் பொத்தான், நூலில் ஒரு துளி ரத்தம். பேச்சு இல்லை.

இரண்டாம் கட்டத்தை ஃபான்டில் போடக் கூடாது, ஓவியர் கையால் எழுத வேண்டும். நான்கு ஆண்டுகளும் ஒரே கையெழுத்தாக, கடைசி வரியில் மட்டும் நடுக்கத்தோடு இருந்தால் அவளுக்கு எவ்வளவு வயதென்று சொல்லத் தேவையில்லை. கொலை எங்கும் காட்டப்படவில்லை என்பதையும் பாருங்கள். வன்முறைக்கு முந்தைய நொடியையும் பிந்தைய நொடியையும் வரைந்து, நடுவில் உள்ளதைக் கட்டங்களின் இடைவெளிக்கு விட்டுவிடுவதுதான் இந்தக் கலையின் பலம்.

பேச்சு மொழியில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே தமிழ் பெரும்பாலும் வகுப்பறையிலும் கோயிலிலும் கேட்பது, வீட்டில் கிரியோல். எல்லாரையும் செந்தமிழில் பேசவைத்தால் பாடநூல் வாடை அடிக்கும். சென்னைப் பேச்சைக் கொண்டுவந்தால் சினிமா வாடை. கப்பலில் வந்தவர்கள் எளிய பேச்சுத் தமிழும், பழகியவர்களோடு கிரியோல் கலந்தும் பேசட்டும். 'கி மனியேர்' (எப்படி இருக்கிறாய்), 'காத்தோ பிமா' (மிளகாய் வடை) போன்றவற்றைத் தமிழ் எழுத்தில் போட்டு, ஒரு பேச்சுக் குமிழுக்கு ஒரு தொடர் என்று நிறுத்துங்கள். பொருள் படத்திலிருந்தே புரிய வேண்டும். எந்தச் சொல்லை எப்படி எழுதினோம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் இதழுக்குள் ஒரே சொல் மூன்று விதமாக வந்து நிற்கும்.

தமிழ்க் காமிக்ஸ் பெரும்பாலும் கெடுவது எழுத்துப் பதிப்பில், அதாவது குமிழுக்குள் வசனத்தை அடுக்குவதில். ஓவியர் முதலில் படத்தை முடித்துவிட்டு, மிஞ்சிய மூலையில் குமிழ் போடுவார். ஆங்கிலத்தில் நாலு சொல்லில் அடங்குவது தமிழில் இரண்டே சொல், ஆனால் ஒவ்வொன்றும் ரயில் நீளம். ஆகவே பென்சில் வேலைக்கு முன், சிறு உருவரைவிலேயே உண்மையான வசனத்தை உண்மையான அளவில் போட்டுப் பாருங்கள். குமிழுக்கு நான்கு வரி, வரிக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு எழுத்து, பக்கத்துக்கு நூறு சொல். அதைத் தாண்டினால் வசனத்தை வெட்டுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். அச்சில் 8 பாயின்டுக்குக் கீழே போனால் 'ண', 'ன' சுழிகள் மையில் அடைந்துவிடும். வரி இடைவெளி எழுத்தளவில் 130 சதவீதமாவது வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் 'ழு', 'பூ' வால் கீழ்வரியின் 'கீ', 'தீ' மேல்சுழியில் இடிக்கும்.

சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால் புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. 'நடந்-தான்' சரி, 'நட-ந்தான்' தப்பு. மென்பொருள் இதைத் தானாகச் செய்யும் என்று நம்ப வேண்டாம், ஒவ்வொரு வரியையும் கையால் முறியுங்கள்.

ஃபான்டுக்குக் கவிவனார், பலூ தம்பி இரண்டும் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் திறந்தவை. கவிவனார் சாய்ந்த கையெழுத்து, உரையாடலுக்கு ஆகும். பலூ தம்பி தடிமன், அலறலுக்கும் ஓசைகளுக்கும். 'ெ', 'ே', 'ை' குறிகள் எழுத்துக்குப் பின்னால் தனியாகத் தொங்கினால் பழுது ஃபான்டில் இல்லை. இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரையும், ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பையும் இயக்க வேண்டும். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் தமிழைச் சரியாகக் காட்டும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களை விட்டுவிடுங்கள். அச்சகக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் வசனம் முழுக்க ஆங்கிலக் குப்பையாகிவிடும்.

அச்சுக்குச் சுருக்கமாக. நடுவில் பின் அடித்த புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். கோட்டோவியம் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), வண்ணம் 300. வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் படம் நீள வேண்டும், குமிழ்கள் விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டர் உள்ளே. வசன எழுத்து நூறு சதவீதக் கறுப்பு மட்டுமே. நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக விட்டால், அச்சுத் தட்டு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் தெரியும். இரவுக் காட்சிகள் திரையில் தெரிவதைவிடத் தாளில் இருண்டு வரும், ஒரு படி வெளிச்சமாக்கி அனுப்புங்கள். மொத்த ஓட்டத்துக்கு முன், எழுத்துகளை உருவக்கோடாக மாற்றிய பிடிஎஃப்பிலிருந்து ஒரு மாதிரிப் பிரதி எடுத்து, வசனத்தை மட்டும் ஓவியர் அல்லாத ஒருவரிடம் உரக்க வாசிக்கக் கொடுங்கள். அவர் நாக்கு தடுக்கும் குமிழ்களைத் திருத்திய பிறகு அச்சுக்கு விடலாம்.