தெருவில் ஒரு வாசிப்பு வட்டம்: 15 பிள்ளைகள், 2 பெரியவர்கள், 60 புத்தகங்கள்

பிள்ளைகள் படிக்க உதவ வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது புத்தகம் சேர்ப்பது. பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடும். திறந்து பார்த்தால் பாதி பழைய கைடு, மீதி அந்தத் தெருப் பிள்ளைகளால் வாசிக்க முடியாதவை. ஆகவே முதலில் யார் எதுவரை வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். புத்தகம் அதற்குப் பிறகு. கீழே உள்ள கணக்கு, 3 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள 15 பிள்ளைகளுக்கானது.

படி 1: இடம், ஆள், அனுமதி

கோயில் மண்டபம், சமுதாயக்கூடம், பெரிய திண்ணை எதுவானாலும் சரி, தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருக்கட்டும். தன்னார்வலர் வீட்டு உள்ளறை வேண்டாம். எப்போதும் 2 பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கு விடுமுறை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவருக்கும் மாற்றாக மூன்றாவது ஆள் ஒருவரை முதல் வாரமே பிடித்து வையுங்கள். பெற்றோரிடம் ஒரு பக்க அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள்; அழைத்துப்போக யார் வருவார் என்பதும் அதில் இருக்கட்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வாரம் 3 நாள், மாலை 5:30 முதல் 6:40 வரை போதும். தினமும் நடத்துவோம் என்று தொடங்குவது இரண்டாம் மாதத்தில் படுத்துவிடும்.

படி 2: ஆளுக்கு 5 நிமிடம்

பிள்ளைகளின் வாசிப்பை அளக்க 2005 முதல் நடக்கும் ஏசர் ஆய்வில் பிரதம் என்ற தொண்டு அமைப்பு கையாளும் முறையே இதற்கும் ஏற்றது. ஒரு தாளில் நான்கு பகுதி எழுதிக்கொள்ளுங்கள்: 10 எழுத்து, 10 எளிய சொல், 4 வரிப் பத்தி, 8 முதல் 10 வரிக் கதை. பத்தியிலிருந்து தொடங்குங்கள். தடையில்லாமல் வாசித்தால் கதைக்கு ஏற்றுங்கள்; திணறினால் சொல்லுக்கு இறக்குங்கள், அதிலும் திணறினால் எழுத்துக்கு. சொல்லிலும் எழுத்திலும் பிள்ளையே 5ஐத் தேர்ந்தெடுக்கட்டும். 4 சரியாக வந்தால் அந்த நிலை உண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் ஏமாறுவோம். பாடப்புத்தகப் பத்தியைக் கொடுத்தால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். விரல் ஒரு சொல்லில், வாய் இன்னொரு சொல்லில் இருக்கும். அதனால் பத்தியை நீங்களே எழுதுங்கள். அடுத்தது, மற்றவர்கள் முன்னால் வாசிக்கச் சொல்வது. 7ஆம் வகுப்புப் பையன் எழுத்தில் நிற்பதைத் தம்பி தங்கைகள் பார்த்துவிட்டால் மறுநாள் வரமாட்டான். சற்றுத் தள்ளி, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஆனால் காதில் விழாத இடத்தில் உட்காருங்கள்.

படி 3: எழுத்தில் நிற்பவர்களுக்கு

247 எழுத்தையும் வரிசையாக எழுத வைக்காதீர்கள். பள்ளியில் அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ப, ட, ம, கூடவே ஒரு புள்ளி, இவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் நாளே நான்கு சொல் கிடைத்துவிடும். ‘பட்டம்’ என்பதை ‘படடம’ என்று வாசித்தால் எழுத்து தெரியாததல்ல, புள்ளியைக் கண் தவறவிடுகிறது. புள்ளியை மட்டும் சிவப்பில் எழுதிக் காட்டுங்கள். அடுத்த நாள் துணைக்கால் சேருங்கள்: பாடம், மாடம், மாமா, பாப்பா.

பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது கொம்பில்தான். ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் எழுத்தின் இருபக்கமும் நிற்கிறது. அதனால்தான் ‘கொடி’யைக் ‘கெ… ஆ… டி’ என்று பிரிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் 3 அங்குலச் சதுரங்கள் வெட்டுங்கள். மெய்க்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. ‘க’வை நடுவில் வைத்துக் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் ஒரே நேரத்தில் நகர்த்திச் சேர்க்கும்போது ‘கொ’ என்று சொல்லச் சொல்லுங்கள். கை செய்ததை வாய் பிடித்துக்கொள்ளும். ல, ள, ழ உச்சரிப்புத் திருத்தத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அது வாசிப்புச் சிக்கல் அல்ல.

படி 4: இப்போது புத்தகம்

ஒரு பிள்ளைக்கு 4 வீதம் 60. இதில் 25 புத்தகம் பக்கத்துக்கு ஓரிரு வரியும் பெரிய படமும் உள்ளவை, 20 பக்கத்துக்கு நாலைந்து வரி, 15 நீண்ட கதை. உங்கள் சோதனையில் எழுத்து, சொல் நிலையில் அதிகம் பேர் இருந்தால் முதல் வகையைக் கூட்டுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, புக்ஸ் ஃபார் சில்ட்ரன் பட்டியல்களில் தமிழ்ப் படக்கதைகள் கிடைக்கும்.

பணம் குறைவென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இறக்கி அச்சிட உரிமம் அனுமதிக்கிறது, எழுதியவர் வரைந்தவர் பெயருள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. 16 பக்கக் கதைக்கு 4 ஏ4 தாள். ஜெராக்ஸ் கடையில் ‘புக்லெட், இருபக்கம்’ என்று சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் பக்கம் மாறி வரும்.

ஸ்டேப்ளர் பின் ஈரத்தில் துருப்பிடித்து நடுத்தாளை அறுத்துவிடும். பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டுத் தையுங்கள். ஊசி நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், நடுவை விட்டுவிட்டுக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுவில் உள்ளே நுழையட்டும். உள்ளே இருக்கும் நீள நூலுக்கு இருபக்கமும் இரண்டு முனைகளையும் வைத்து முடிச்சுப் போடுங்கள். நூல் கெட்டியாக இருந்தால் போதும், பூக்கட்டும் நூல் அறுந்துவிடும்.

படி 5: அந்த 70 நிமிடம்

முதல் 10 நிமிடம் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். நாற்காலியில் அல்ல, தரையில், படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன நீதி?’ என்று கேட்காமலிருக்கப் பழகுங்கள். அதைவிட வேகமாகக் கதையைக் கொல்வது எதுவும் இல்லை. அடுத்த 30 நிமிடம் நிலை வாரியாகக் குழு வேலை. பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு உதவுங்கள். பிறகு 20 நிமிடம் தானாக வாசிப்பு. கடைசி 10 நிமிடம் புத்தகம் வீட்டுக்கு.

புத்தகங்களைப் பீரோவில் அடுக்கினால் முதுகுதான் தெரியும், எடுக்கமாட்டார்கள். பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். வீட்டுக்குக் கொடுப்பதில் நோட்டில் பெயர், புத்தக எண், தேதி மூன்று போதும். தொலைந்தால் அபராதம் வேண்டாம். அபராதம் போட்டால் பணமும் வராது, பிள்ளையும் வராது. மன்னார்குடியில் 1931லேயே மாட்டுவண்டியில் புத்தகம் வாசகரைத் தேடிப் போயிருக்கிறது. பூட்டி வைப்பதற்கு நாம் இப்போது காரணம் தேடக் கூடாது.

படி 6: கொடுக்க வருகிறவர்களிடம்

‘புத்தகம் தாருங்கள்’ என்று கேட்டால் கைடு வரும். 20 தலைப்பு, விலை, பதிப்பகம் எழுதிய பட்டியலை அனுப்பி, ‘இதில் ஒன்றை வாங்கித் தாருங்கள்’ என்று கேளுங்கள். பணமாக வந்தால் இருவர் கையெழுத்திட்ட நோட்டு, மாதக் கடைசியில் பில்லின் படம் வாட்ஸ்அப் குழுவில். உள்ளூர் அரசுப் பள்ளிக்கே கொடுக்க விரும்பினால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகவும் கொடுக்கலாம். அறக்கட்டளைக்குக் கொடுத்து வருமான வரிக் கழிவு எதிர்பார்ப்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, கழிவு கிடைக்காது.

படி 7: 12 வாரம் கழித்து

அதே சோதனையை வேறு பத்தியோடு மறுபடி நடத்திக் குழுக்களை மாற்றுங்கள். நகராமல் நிற்பவர்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். சின்னப் பிள்ளைப் புத்தகத்தைக் கையில் வாங்க அவர்களுக்குக் கூச்சம். ‘சனிக்கிழமை 3ஆம் வகுப்புக்காரர்களுக்கு நீ வாசித்துக் காட்டணும்’ என்று பொறுப்புக் கொடுத்து, அதே எளிய புத்தகத்தைப் புதன்கிழமையே ஒத்திகைக்குக் கொடுத்துவிடுங்கள். வாசிக்கக் காரணம் இருப்பதால் நாலு முறை வாசித்துவிட்டு வருவார்கள்.