ரப்பர் இல்லாமல் ஒரு கோடு: பென்சில் பழகிய கைக்குக் கலம்காரி

துணியில் மூங்கில் கலத்தால் மை தொட்டு வரைகிற காளஹஸ்திக் கலம்காரி, பென்சில் பழகிய கையிலிருந்து முதலில் பிடுங்குவது ரப்பரை. கோலம் போடுகிறவர்களுக்கும் இதே சங்கடம்தான்; தரையில் செய்வதுபோல, தப்பிய இழையை இங்கே விரலால் துடைத்துவிட்டுத் தொடர முடியாது. நகரி, புத்தூர்ப் பக்கம் இதைப் பழகத் தொடங்குகிறவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: கருவி புதிது என்றால் உருவம் பழையதாக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய தாமரையோ மாங்காயோ எடுங்கள். ராமர் பட்டாபிஷேகமெல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஒரு மீட்டர் வெள்ளைப் பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசுங்கள். காய்ச்சாத எருமைப்பால் அரை லிட்டர், தண்ணீர் அரை லிட்டர், கடுக்காய்த்தூள் 50 கிராம். இதில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, மடிப்பில்லாமல் வெயிலில் விரியுங்கள். பாலின் கொழுப்புதான் மை பரவாமல் தடுக்கிறது. ஏற்கெனவே தண்ணீர் கலந்த பாலை ஊற்றினால் கோடு பிசிறடிக்கும்.

மைக்கு, துருப்பிடித்த ஆணிகள் ஒரு கைப்பிடி. நெருப்பில் சுட்டு, துருவைத் தட்டிவிட்டு, வெல்லமும் பனைவெல்லமும் நூறு நூறு கிராம் கரைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வடிகட்டினால் கசிமி என்கிற கறுப்பு மை தயார். பார்க்க வெளிறித்தான் இருக்கும். துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்போடு இரும்பு சேர்ந்த பிறகே கறுக்கும். ஏமாறுவது இங்கேதான்: 'பதியவில்லையே' என்று அதே கோட்டின் மேல் இன்னொரு முறை இழுப்பார்கள். கோடு தடித்துவிடும். இரும்பு மிஞ்சினால் நாளடைவில் துணியே இற்றுப்போகும்.

கலம் என்பது ஒரு சாண் மூங்கில் குச்சி. முனையைச் சீவி, இரண்டு விரற்கடை மேலே கம்பளித் துண்டைச் சுற்றி நூலால் கட்டுங்கள். மையைத் தேக்குவது கம்பளி. அதை விரல் அழுத்தும் அளவுக்குத்தான் மை இறங்கும். தோய்த்ததும் கழிவுத் துணியில் ஒருமுறை தொட்டுவிட்டு வரையுங்கள், இல்லையென்றால் தொடக்கத்திலேயே சொட்டு விழும். பென்சில்காரர்கள் சின்னச் சின்னக் கீற்றாக இழுப்பார்கள். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு முடிச்சு தெரியும். மணிக்கட்டை விறைப்பாக வைத்து, தோளிலிருந்து ஒரே இழுப்பாக வர வேண்டும். முதல் நாள் சாண் நீளக் கோடுகள் ஐம்பது. உருவம் வேண்டாம்.

பிறகு புளியங்குச்சிக் கரியால் முழு உருவம் போட்டு அதன்மேல் கலம். மூன்று துணி முடிந்ததும் கரியில் வெளிக்கோடு மட்டும். அதற்கடுத்து, கோலத்துக்கு வைப்பதுபோலப் புள்ளிகள் மட்டும். நேராகக் கடைசிக் கட்டத்துக்குத் தாவினால் கை நடுங்கி, கம்பளியை நசுக்கி, மை குளமாகத் தேங்கும்.

தப்பிய கோட்டை எலுமிச்சைச் சாறு வெளுக்கும், ஆனால் அந்த இடத்தில் ஒரு திட்டு மிஞ்சும். அதைவிட அந்தக் கோட்டைக் கொடியாக்கி இரண்டு இலை விடுவது மேல். வரைந்த துணியை உடனே நனைக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டு, தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.