ஸ்டேட்டாவில் காலி இடம் பணக்காரக் குடும்பமானது

ஆய்வுக்காக 1,200 குடும்பங்களின் வருமானத்தை ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றியிருந்தேன். மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 1, மற்றவர்களுக்கு 0 என்று ஒரு புது மாறி உருவாக்கினேன். 310 குடும்பங்கள் 1 ஆனார்கள். நான் நேரில் போய்ப் பார்த்த ஊர்கள் அவை. அங்கே அத்தனை வசதியான வீடுகள் கிடையாது. எண்ணை நம்ப மனம் வரவில்லை.

அந்த 310 வரிசைகளையும் திரையில் விரித்துப் பார்த்தேன். 140 வரிசைகளில் வருமானமே இல்லை, வெறும் புள்ளி! இப்படிப் புள்ளியாகக் காட்டும் விடுபட்ட மதிப்பை ஸ்டேட்டா எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கொள்கிறது. அதனால் 'இதற்கு மேல்' என்று கேட்டால் பதில் சொல்லாதவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். சாஸ் மென்பொருளில் இது நேர் எதிர்: விடுபட்டதுதான் மிகச் சிறியது, ஆகவே அங்கே 'இதற்குக் கீழ்' என்று கேட்கும்போது கவனம் வேண்டும். ஆர் மொழி இரண்டு பக்கமும் சேர்க்காமல், விடையையும் விடுபட்டதாகவே விடும். எனக்கு அதுதான் நேர்மையாகத் தோன்றுகிறது.

சரி, தீர்வு எளிதுதான். புது மாறியை உருவாக்கும் ஜெனரேட் கட்டளையின் இறுதியில், வருமானம் 'மிஸ்ஸிங்' அல்லாத வரிசைகளுக்கு மட்டும் என்று ஓர் இஃப் நிபந்தனை சேர்த்தேன். 310 என்பது 170 ஆனது. அந்த 140 பேரும் புது மாறியிலும் புள்ளியாகவே நின்றார்கள்.

அப்புறம் கட்டளைகளைச் சேமித்து வைத்திருந்த பழைய டூ-ஃபைல்களையும் திறந்து, 'மேல்' குறி (>) வரும் ஒவ்வொரு வரியையும் பார்த்தேன். இன்னும் இரண்டு இடத்தில் இதே பிழை இருந்தது. இப்போதெல்லாம் தரவை ஏற்றியதும் முதலில், எந்த மாறியில் எத்தனை மதிப்பு விடுபட்டிருக்கிறது என்று காட்டும் 'மிஸ்டேபிள் சம்மரைஸ்' கட்டளையை ஓட்டிவிடுகிறேன்.