வேகமான நீரோட்டமுள்ள கடல்நீர்த் தொட்டியில் மீன்களுக்குத் தீனி போடுவது எப்படி?

எங்கள் வீட்டுத் தொட்டியில் ஃபயர்ஃபிஷ் என்ற சின்ன, கூச்ச சுபாவமுள்ள மீன் ஒன்று இருந்தது. காலையும் மாலையும் தவறாமல் தீனி போட்டும், மூன்றே வாரத்தில் அதன் வயிறு ஒட்டிப்போய், தலைக்குப் பின்னால் குழி விழுந்துவிட்டது. நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தேன். தற்செயலாகச் சம்பில் (தொட்டிக்குக் கீழே தண்ணீரைச் சுத்தம் செய்யும் இரண்டாவது தொட்டி) மாட்டியிருந்த ஃபில்டர் பையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே மைசிஸ் (தீனியாகப் போடும் பொடி இறால் போன்ற உயிரி) கடிபடாமல் முழுசாகக் கிடக்கிறது! நான் போட்டதில் பெரும்பகுதி மீன் வாய்க்குப் போகவே இல்லை, மேல்தண்ணீர் சம்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ வழியாக நேராகக் கீழே இறங்கியிருக்கிறது.

இது புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலருக்கும் நடக்கிறது, ஏனென்றால் நன்னீர்த் தொட்டியில் ஒரு சிட்டிகை தூவிவிட்டு வந்த பழக்கம் இங்கே செல்லாது. எங்களுடையது 4 அடித் தொட்டி, சுமார் 270 லிட்டர். அதில் ஒவ்வொன்றும் மணிக்கு 4000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) இரண்டு ஓடுகின்றன, அதாவது தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் 30 தடவை புரள்கிறது. பவளம் வளர்க்கும் தொட்டிக்கு 20 முதல் 40 மடங்கு சாதாரணம். பவளத்தின் மேல் அழுக்குத் தங்காமல் இருக்கவும், தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாகக் கலக்கவும் இந்த வேகம் வேண்டும், அதனால் நிரந்தரமாகக் குறைக்கச் சொல்ல மாட்டேன். தீனி போடும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் சரியாகக் கையாண்டால் போதும்.

முதலில் ஒரு சோதனை

வழக்கம்போல எல்லா மோட்டாரும் ஓடும்போது நாலைந்து மைசிஸை மட்டும் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது, எங்கே சுழல்கிறது, எத்தனை நொடியில் ஓவர்ஃப்ளோவை அடைகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் இந்தப் பாதை வேறு மாதிரி இருக்கும், பாறையை நகர்த்தினால் அதுவும் மாறிவிடும்.

அடுத்தது ரிட்டர்ன் மோட்டார். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற மோட்டார் இதுதான், தீனி நேரத்தில் இதை நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்தினால் மேலே இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் சம்புக்கு இறங்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால் அது பின்னோக்கி உறிஞ்சி இன்னும் நிறைய இறக்கிவிடும், சம்பு நிரம்பி வழிந்து வீடெல்லாம் உப்புத் தண்ணீர். அதனால் கையில் வாளியோடு, பக்கத்தில் நின்றபடி ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். சம்பில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். விளிம்பைத் தொடுவது போல வந்தால் குழாயின் வாயை மேற்பரப்புக்குப் பக்கத்தில் உயர்த்துங்கள், அல்லது தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் அந்தத் துளை வழியாகக் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். ஆனால் அந்தத் துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறையாவது குத்திச் சுத்தம் செய்யவேண்டும்.

தீனியைத் தயார் செய்வது

உறைந்த மைசிஸ் அல்லது ஆர்ட்டீமியா கட்டியை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். ஒரு சின்ன டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் போட்டால் பத்து நிமிடத்தில் தானாகக் கரையும். சுடுதண்ணீர் வேண்டாம். கரைந்ததும் மெல்லிய வலையில் வடிகட்டி, கலங்கிய நீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் மறுபடி கலக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கலங்கலில் பாசியை வளர்க்கும் பாஸ்பேட் அதிகம் இல்லை, வடிகட்டுவது வீண் வேலை என்று சிலர் சொல்கிறார்கள். நான் வடிகட்டுகிறேன், ஒரு நிமிட வேலைதானே. கரைத்ததில் மிச்சம் இருந்தால் மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

பெல்லட்டை (காய்ந்த உருண்டைத் தீனியை) நேராகத் தூவினால் மேற்பரப்பில் மிதந்து நேரே ஓவர்ஃப்ளோவின் சீப்பு போன்ற பல்லில் போய் மாட்டும். ஒரு நிமிடம் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் கனம் கூடி மூழ்கும். கோமாளி மீன் போன்ற சின்ன வாய்க்கு 1 மில்லிமீட்டருக்குள் இருப்பதாக வாங்குங்கள்.

எதை நிறுத்துவது, எதை விடுவது

ரிட்டர்ன் மோட்டாரையும், நுரை வழியாக அழுக்கைப் பிரித்துக் கப்பில் சேர்க்கும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள். சம்பில் மட்டம் ஏறும்போது ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருந்தால் சில சம்புகளில் அதன் கப் நிரம்பி, கறுப்புத் தண்ணீர் திரும்ப உள்ளேயே கொட்டும். வேவ்மேக்கரை மட்டும் முழுசாக நிறுத்தாமல் மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஃபீட் மோட் பொத்தான் இருந்தால் அது போதும், இல்லையென்றால் இரண்டு வேவ்மேக்கரில் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

ஏன் முழுசாக நிறுத்தக் கூடாது என்றால், குரோமிஸ், ஆந்தியாஸ் போன்ற மீன்கள் கடலில் பவளப்பாறையின் விளிம்பில் நீரோட்டத்தை எதிர்த்து நின்றபடி, மிதந்து வரும் மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்கிறவை. அவற்றுக்கு ஓடுகிற தீனிதான் தீனி. தண்ணீர் அசையாமல் நின்றால் எல்லாம் நேராகக் கீழே விழுந்து பாறை இடுக்கில் போய் அழுகும். மெல்லிய ஓட்டம் இருந்தால் தீனி நடுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் சுற்றும், எல்லா மீனும் ஒரே இடத்தில் குவிந்து சண்டை போடாது.

இப்போது போடலாம்

ஓவர்ஃப்ளோவுக்கு எதிர்ப் பக்கம் நில்லுங்கள். நீளமான பிப்பெட்டில் தீனியை உறிஞ்சி, தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் வைத்து மெதுவாக விடுங்கள், ஓட்டம் அதை மீன்களின் முகத்துக்கு எதிராகக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் விடாமல் மூன்று பங்காகப் பிரித்து, முதல் பங்கு தீர்ந்த பிறகே அடுத்தது. மொத்தமும் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் இருக்கவேண்டும்.

கூச்ச சுபாவமுள்ள மீன்களைக் கவனிப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி, நான் தவறவிட்டதும் அதைத்தான். முரட்டு மீன்களுக்கு ஒரு மூலையில் முதல் பங்கைப் போட்டு அங்கேயே நிறுத்திவையுங்கள். அவை மும்முரமாக இருக்கும்போது, பிப்பெட்டின் நுனியில் அரை மீட்டர் ஏர் டியூபைச் செருகி, ஃபயர்ஃபிஷ் அல்லது கோபி இருக்கும் பொந்தின் வாசலில் நாலைந்து மைசிஸை விடுங்கள். முதல் சில நாள் பயந்து உள்ளே ஓடும். விடாமல் அதே நேரத்தில் அதே இடத்தில் செய்தால் ஒரு வாரத்தில் குழாயைக் கண்டதும் தலையை நீட்டும். எங்கள் ஃபயர்ஃபிஷ் அப்படித்தான் திரும்ப உடம்பு தேறியது, வயிறு உருண்டு வந்த அன்று எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. மாண்டரின் மட்டும் இதில் சேராது. நாள் முழுக்கப் பாறையில் ஊரும் நுண்ணிய கோப்பிபாடுகளைக் கொத்தித் தின்கிற மீன் அது, அவை நிறைய பெருகியிருக்கும் பழைய தொட்டி இல்லாமல் அதை வாங்கவே வாங்காதீர்கள்.

டாங் வகை மீன்களுக்கு நோரித் தாள் (உலர்த்திய கடற்பாசித் தாள்). உப்பு, எண்ணெய், எள் எதுவும் சேராத வெறும் தாளாக இருக்கட்டும். ஓட்டம் குறைந்த மூலையில் கிளிப்பில் மாட்டுங்கள், வேவ்மேக்கர் எதிரே மாட்டினால் கிழிந்து துண்டு துண்டாகப் பறந்துவிடும். மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

பவளத்துக்கும் தீனி கொடுப்பதாக இருந்தால் மீன்கள் வயிறு நிறைந்த பிறகு கொடுங்கள், இல்லையென்றால் பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும்.

முடிந்ததும்

பத்து நிமிடம் கழித்து முதலில் வேவ்மேக்கர், அடுத்து ரிட்டர்ன், சம்பு மட்டம் பழைய இடத்துக்கு வந்ததும் ஸ்கிம்மர். இதற்குப் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து வையுங்கள். ஒருநாள் தீனி போடும் நேரத்தில் போன் வந்து பேசப் போனவன், ரிட்டர்னைப் போட மறந்து அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தன. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாக இருக்கும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும். அன்று ஒரு மீனும் சாகவில்லை, ஆனால் அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

அப்புறம் ஃபில்டர் பை. மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் துவைத்துப் போடுங்கள். முழுத் தீனி கிடந்தால் நீங்கள் விடும் இடமோ நேரமோ சரியில்லை. நைட்ரேட், பாஸ்பேட் ஏறினால் உடனே தீனியைக் குறைத்துவிடுகிறார்கள், அதற்கு முன் இந்தப் பையைப் பாருங்கள். மீன் தின்னாமல் அழுகுகிற தீனியை நிறுத்தினாலே பாதி ஏற்றம் அடங்கும்.

ஊருக்குப் போகும்போது தானியங்கித் தீனிப் பெட்டி வைப்பவர்கள், அதன் கீழே 20 சென்டிமீட்டர் நீள பிவிசி குழாய் ஒன்றைப் பாதி தண்ணீரில், பாதி மேலே இருக்கும்படி நட்டுவையுங்கள். பெல்லட் அந்தக் குழாய்க்குள் விழுந்து, அங்கேயே ஊறி, ஓவர்ஃப்ளோ பக்கம் மிதந்து போகாமல் அடியால் இறங்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஓடவிட்டுப் பாருங்கள்.