சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல சாமிய மனுஷனா நடமாட விடறது எப்படி

மொதல்ல ஒரு ஐடியாவ தூக்கி ஓரமா வச்சிருங்க. நாம கும்புடற சாமியெல்லாம் வேற கிரகத்துலேர்ந்து வந்தவங்கன்னு கடைசி பக்கத்துல போட்டு ஒடைக்கிற கதை. 1960கள்லயே வெளிநாட்டுல புஸ்தகமா போட்டு வித்து தீத்த சரக்கு அது, இப்ப அத ட்விஸ்ட்னு வச்சா வாசகர் ரெண்டாவது பாராவுலயே கண்டுபிடிச்சிட்டு கொட்டாவி விடுவார். வேற கிரகம்தான் வேணும்னா தாராளமா வைங்க, ஆனா மொதல் பாராவுலயே சொல்லிட்டு, அதுக்கப்புறம் அந்த ஆளு காலைல எழுந்து என்ன பண்றார், யாருக்கு பயப்படறார்னு எழுதுங்க.

நம்ம பக்கம் சாமிய மனுஷனாக்கறதுக்குன்னு தனியா மெனக்கெடவும் வேணாம், ஏற்கனவே ஆக்கித்தான் வச்சிருக்காங்க. ராத்திரியானா பள்ளியறைக்கு தூங்கப் போறாரு, திருவண்ணாமலையில தை மாசம் புருஷன் பொண்டாட்டி சண்டைக்கே திருவூடல்னு ஒரு திருவிழா, மாசி மகம் வந்தா மயிலம் முருகன் கெளம்பி பாண்டி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு தீர்த்தவாரிக்கு வராரு, அங்க பூரியில ஜெகந்நாதருக்கு ஸ்நானம் முடிஞ்சதும் காய்ச்சலே வந்துடுது, ரெண்டு வாரம் யாரையும் பாக்க மாட்டார். சட்டமும் அப்படித்தான் பாக்குது. கோயில் சாமி சட்டப்படி ஒரு நபர், சொத்து வச்சுக்கலாம், கேஸ் போடலாம், ஆனா மைனர் மாதிரி, அவருக்காக வேற ஒருத்தர்தான் நின்னு பேசணும். பத்தூர் கோயில்லேர்ந்து திருட்டுத்தனமா லண்டன் வரைக்கும் போன நடராஜர் சிலை கேஸ்ல, 1991ல அங்க அப்பீல் கோர்ட்ல, கேஸ் போடற உரிமை கோயிலுக்கே உண்டுன்னு ஒத்துக்கிட்டாங்க, சிலை நாடு திரும்பிச்சு. யோசிச்சு பாருங்க, யுகம் யுகமா இருக்கற ஒருத்தர், பேப்பர்ல மட்டும் மைனர், பேங்க்ல ஒரு கையெழுத்து போட கார்டியன கூட்டிட்டு வந்து கியூவுல நிக்கணும். கேரக்டர் பாதி அங்கயே ரெடி.

கஷ்டம் எங்க வருதுன்னா, எழுத எழுத ரொம்பவே மனுஷனாயிடுவார். டீ குடிப்பார், பஸ்ல தொங்குவார், சலிச்சுக்குவார், பத்து பக்கம் தாண்டினா எதிர் வீட்டு பெரியவருக்கும் இவருக்கும் வித்தியாசமே இருக்காது. இதுக்கு தமயந்தி சுயம்வரத்துலயே வழி இருக்கு. நாலு தேவர்கள் நளன் மாதிரியே வேஷம் போட்டு உக்காந்துட்டாங்க, அஞ்சு நளன், எவன் நெஜம்னு தெரியல. அவ எத வச்சு கண்டுபிடிச்சா? தேவர்களுக்கு கண்ணு இமைக்காது, காலு தரையில படாது, மாலை வாடாது, வேர்க்காது, நிழல் விழாது. நான் சொல்றது என்னன்னா, இந்த அஞ்சுல ஒண்ணே ஒண்ண மட்டும் உங்க சாமிகிட்ட விட்டு வைங்க, மிச்ச நாலையும் புடுங்கிடுங்க. அந்த ஒண்ணு ஏன் அப்படி இருக்குன்னு ஒரு சயின்ஸ் காரணம் உங்க நோட்டுல இருக்கட்டும், கதையில முழுசா சொல்ல வேணாம், அதால அவருக்கு தினமும் என்ன தொந்தரவுன்னு மட்டும் காட்டுங்க.

ஒரு சாம்பிள் போட்டே காட்டறேன். பாண்டியில சொல்தான்னு கேள்விப்பட்டிருப்பீங்க, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கற பெருசுங்க. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் கை மாறிச்சு, சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆச்சு, ராஜ்யம் மூட்டை கட்டிட்டு போயும் பென்ஷன் மட்டும் கடல் தாண்டி வந்துகிட்டே இருந்துச்சு. இப்ப உங்க சாமி அந்த மாதிரி ஒரு சொல்தா. அவரோட ராஜ்யம் திருவாதிரை நட்சத்திரம் பக்கம், சிதம்பரத்துல ஆருத்ரா தரிசனம் நடக்குதே அதே ஆதிரை, வெளிநாட்டுக்காரங்க பெட்டல்ஜூஸ்னு சொல்றது. தூரம் 500லேர்ந்து 700 ஒளியாண்டுக்குள்ளன்னு கணக்கு சொல்றாங்க, அதாவது அங்க கெளம்பற வெளிச்சம் இங்க வந்து சேரவே அத்தன வருஷம் ஆகும், பென்ஷனும் அத விட வேகமா வராதுன்னு வைங்க. அப்ப இன்னிக்கு அவருக்கு வர்ற பென்ஷன் இங்க விஜயநகர காலம் நடந்துகிட்டு இருந்தப்ப அங்கேர்ந்து போட்டது. ராஜ்யம் நேத்து கவுந்திருந்தாலும் இவருக்கு தெரிய இன்னும் 500 வருஷத்துக்கு மேல ஆகும். 2019 கடைசியில அந்த நட்சத்திரம் திடீர்னு மங்கிச்சு பாருங்க, சில மாசம் உலகமே வெடிக்கப் போகுதுன்னு பேசிச்சு, அந்த ராத்திரியெல்லாம் இவர் மொட்டை மாடியில எப்படி நின்னிருப்பார்? தூசு மறைச்சதாலதான் மங்கலா தெரிஞ்சுதுன்னு விஞ்ஞானிங்க பின்னால விளக்கம் சொன்னாங்க, அத இவர் நம்பினாரா? கண்ணு இமைக்காதுங்கறத மட்டும் இவர்கிட்ட விட்டு வச்சிருக்கோம்னு வைங்க. உள்ளூர்ல வாங்கற உதவித்தொகைக்கு உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் செல்போன்ல மொகம் காட்டணும், ஆப் கண்ண சிமிட்டுங்கன்னு கேக்கும். இவரால முடியாது. சாகவே முடியாத ஆளு உயிரோட இருக்கேன்னு நிரூபிக்க முடியாம இ சேவை மையத்துல நிக்கறார். இதுல சிரிப்பும் இருக்கு, வயித்தெரிச்சலும் இருக்கு, சாமிய கேலி பண்ணாமலே.

அடுத்தது அற்புதம். அற்புதம் பண்ணா கணக்கு போடுங்க, நெஜமாவே பேப்பர்ல. கடலூர் பக்கம் கரையேறவிட்டகுப்பம் கதை தெரியும்தானே, அப்பர கல்லுல கட்டி கடல்ல போட்டாங்க, கல்லு மெதந்து கரைக்கு வந்துச்சுன்னு. அது பக்தி, அங்க யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க, கேக்கவும் கூடாது. அதே மாதிரி ஒண்ண உங்க கதையில நீங்க வச்சா கேப்பாங்க. 100 கிலோ கருங்கல்லு கடல்ல முழுசா மூழ்கினா தண்ணியே கிட்டத்தட்ட 38 கிலோவ தாங்கிடும், மீதி 62 கிலோவ உங்க சாமிதான் கீழேர்ந்து தாங்கணும், ராத்திரி பூரா, அலையில. அப்ப மறுநாள் தோள்பட்டை வலிக்கும். வலிச்சா யார்கிட்டயாவது தைலம் கேப்பார், கேட்டா ஏன் வலிக்குதுன்னு பொய் சொல்லணும். சக்திக்கு அளவே இல்லாத சாமிய வச்சு கதை நகத்தவே முடியாது, எந்த சிக்கல் வந்தாலும் ஒரு விரல அசைச்சா முடிஞ்சுது, அப்புறம் நீங்க எதுக்கு முன்னூறு பக்கம் எழுதறீங்க.

இந்த கடற்கரையில சாமிய குடி வைக்கறவங்க ஒரு கேள்விய தாண்டி போகவே முடியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்னிக்கு, சாமி நீங்க எங்க இருந்தீங்க? காலைல ஆறரை மணி வாக்குல சுமத்ரா பக்கம் பூகம்பம், அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவ்வளவு நேரம் இருந்துச்சு. தெரியும் ஆனா முடியலன்னா அவர் ஒரு ஆளு, தெரியவே தெரியாதுன்னா வேற ஆளு, தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னா மூணாவது ஆளு. மூணாவத எழுத கை ரொம்ப பழகியிருக்கணும், பாதி பேர் தத்துவம் பேசி தப்பிச்சுக்குவாங்க, அது அந்த கரையில சொந்தத்த பறிகொடுத்தவங்களுக்கு பண்ற அவமரியாதைன்னே சொல்லுவேன். எனக்கு ரெண்டாவது ஆளத்தான் புடிக்கும். எல்லாம் தெரியும்னு ஊரே நம்பற ஒருத்தர், அன்னிக்கு தூங்கிட்டு இருந்தேன்னு வாய தொறந்து சொல்ற சீன், அத எழுதிட்டீங்கன்னா மிச்ச கதை தானா வரும். அந்த சீனுக்கு பின்னணி விளக்கம் எதுவும் வேணாம், கேக்கற ஆளு ஒரு மீனவ அம்மாவா இருந்தா போதும், "இன்னா சாமி நீ"ன்னு ஒரே வரி.

பேச்சு விஷயம் சிம்பிள், செந்தமிழ் வேணாம், நாடக டயலாக் வேணாம், அவர் எத்தன வருஷமா இந்த ஊர்ல இருக்காரோ அந்த ஊர் பேச்சுதான் வரும், எப்பவாவது கோவத்துல மட்டும் நானூறு வருஷத்துக்கு முந்தின ஒரு வசவு வாய்ல வரலாம்.

பேர் வைக்கறதுல மட்டும் ஜாக்கிரதை. இருக்கற கோயிலோட மூலவர அப்படியே தூக்கி சண்டை சச்சரவுக்குள்ள இறக்காதீங்க. வேணும்னே மத உணர்வ புண்படுத்தினதா கேஸ் வந்தா பாரதிய நியாய சன்ஹிதா 299ல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அது ஒரு பக்கம், ஊர்க்காரங்க மனசு இன்னொரு பக்கம். நீங்களே ஒரு சாமிய உண்டாக்குங்க, ஒரு குலதெய்வம், பாதி பேருக்கு மறந்து போனது. ஊர் பேர மட்டும் மாத்தாதீங்க, தேவனாம்பட்டினம்னா தேவனாம்பட்டினம்னே போடுங்க, ஊரும் கற்பனை சாமியும் கற்பனைன்னா வாசகருக்கு கால் ஊன எடமே இருக்காது.