சிம்லிங்க் உடையாமல் இருக்க ஓர் எழுத்து

லினக்ஸ் டெர்மினலில் சிம்லிங்க் (வேறிடத்தில் இருக்கும் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடும்போது ‘எல்என் -எஸ்’ என்று நிறுத்தாமல், ஆர் என்ற எழுத்தையும் சேர்த்து ‘எல்என் -எஸ்ஆர்’ என்று கொடுங்கள். எல்லாம் சிறிய எழுத்துகள். முதலில் அசல் கோப்பு, அடுத்து இணைப்பின் பெயர்.

சிம்லிங்க் என்பது ஒரு பாதையை மட்டும் எழுதி வைத்திருக்கும் குறிப்புதான். வெறும் எஸ் கொடுத்தால் நீங்கள் தட்டிய பாதை அப்படியே பதிவாகும். ஆனால் அது படிக்கப்படுவது நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல, இணைப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து! பாதை தப்பாக இருந்தாலும் கட்டளை ஒரு பிழையும் காட்டாது. திறக்கப் போகும்போதுதான் ‘கோப்பு இல்லை’ என்று வரும். ஆர் சேர்த்தால் சரியான சார்புப் பாதையை, அதாவது இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து அசலுக்குப் போகும் வழியை, கட்டளையே கணக்கிட்டுக்கொள்ளும். அசலும் இணைப்பும் ஒரே ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருந்தால், அந்த ஃபோல்டரை எங்கே நகர்த்தினாலும் இணைப்பு வேலை செய்யும். இதுதான் பெரிய லாபம்.

இணைப்பை மட்டும் தனியே வேறு இடத்துக்கு மாற்றுவீர்கள் என்றால் இது உதவாது; ரூட்டிலிருந்து (எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருப்பது) தொடங்கும் முழுப் பாதையையே எஸ் உடன் கொடுங்கள். மேக் கணினியில் வரும் எல்என் கட்டளைக்கு ஆர் தெரியாது, அங்கேயும் முழுப் பாதைதான் எளிது. லினக்ஸில் எல்என் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸின் 2012-ல் வந்த 8.16 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது.

ஏற்கெனவே உடைந்து கிடப்பவற்றைத் தேட, ‘ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்’ போதும்.