சீரத்தில் அமண்டடினை நிறமானி முறையில் அளவிடுதல்

அமண்டடின் முதலில் இன்ஃபுளுவென்சாவுக்கு எதிரான மருந்தாகவே பயன்பாட்டுக்கு வந்தது. அதன் மூலக்கூறு தானாக நிறம் காட்டாததால், நிறமானி முறையில், அதாவது நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவிட, புரோமோகிரசால் கிரீன் போன்ற அமிலச் சாயத்துடன் அதை இணைக்க வேண்டும்.

இரத்தம் உறைந்தபின் மையவிலக்கில் சுழற்றி, மேலே தெளியும் திரவமான சீரத்தைப் பிரித்தெடுங்கள். 5 மி.லி. சீரத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நன்கு காரமாக்கி, 5 மி.லி. குளோரோபார்ம் சேர்த்து, குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வேகமாகக் குலுக்கினால் புரதம் பால்போல் கலங்கி, அடுக்குகள் பிரியவே பிரியாது. மருந்து கீழே உள்ள குளோரோபார்ம் அடுக்கில் இருக்கும். அந்த அடுக்கை மட்டும் எடுத்து, அமிலத் தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) கரைத்த சாயத்துடன் கலக்கினால், மருந்தோடு இணைந்த சாயம் மஞ்சளாகக் குளோரோபார்முக்குள் வரும். நீரற்ற சோடியம் சல்பேட்டால் ஈரம் நீக்கி, ஏறத்தாழ 415 நானோமீட்டர் அலைநீளத்தில் அதன் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள்.

சேலத்துக் கோடையில் குளோரோபார்ம் விரைவாக ஆவியாகி அளவைக் கூட்டிக் காட்டிவிடும் என்பதால், மூடிய குழாய்களையே பயன்படுத்துவதும், புகை உறிஞ்சும் அறையில் வேலை செய்வதும் அவசியம். தாங்கல் கரைசலுக்குக் கிணற்று நீர் ஆகாது, வாலைவடிநீரே வேண்டும்.

உறிஞ்சலை மருந்தின் அளவாக மாற்ற உதவும் அளவுத்திட்டக் கோட்டை, தூய நீரில் அல்லாமல், மருந்தில்லாச் சீரத்தில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்தே வரையுங்கள். நோயாளி உட்கொள்ளும் பிற காரத்தன்மை மருந்துகளும் இதே மஞ்சளைத் தரும் என்பதால், மருந்துச் சீட்டை முதலில் பாருங்கள். 1 மைக்ரோகிராம்/மி.லி.க்கு மேற்பட்ட அளவு நச்சுத்தன்மையோடு தொடர்புடையது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். 1 மைக்ரோகிராம்/மி.லி.யைவிட மிகக் குறைந்த அளவுகளுக்கு, பொருள்களை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பியலையே நாடுங்கள்.